பதினேழாம் வரி

நாள் 2 · 09:10

சேமிப்பு அறை 11 டிகிரி. பம்ப்புகள் ஓடுகின்றன. காற்று சரி. தண்ணீர் சரி.

நேற்று காலை பூமி சூரியனுக்குப் பின்னால் போய்விட்டது. இன்னும் பதினைந்து நாள் அங்கிருந்து எதுவும் வராது, இங்கிருந்து எதுவும் போகாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடப்பதுதான். எனக்கு இது மூன்றாவது முறை.

இந்தக் குறிப்பை யார் படிப்பீர்கள் என்று தெரியாது. அதனால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். என் பெயர் உலகம்மை. வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். மருத்துவ நூலகர். செவ்வாயைச் சுற்றும் போபோஸ் என்ற சின்ன நிலாவின் பாறையைக் குடைந்து கட்டிய காப்பகத்தில் இருக்கிறேன். மனிதர்கள் மருத்துவம் பற்றி அச்சிட்டதும் அச்சிடாமல் விட்டதும் பன்னிரண்டு கணினி அடுக்குகளாக இங்கே இருக்கின்றன. கீழே செம்மண்மேடு குடியிருப்பில் முந்நூற்றுப் பத்துப் பேர். அவர்களுடைய மருத்துவர் கேட்பதைத் தேடிக் கொடுப்பது என் வேலை.

பதினொரு மணி நேரத்துக்கு ஒருமுறை குடியிருப்பு என் பார்வைக்கு வரும். நான்கு மணி நேரம் பேசலாம். பிறகு கிரகம் நடுவில் வந்துவிடும். செய்தியைக் கடத்திக்கொண்டிருந்த செயற்கைக்கோள் போன வருடம் செத்துப்போனது.

இங்கே இரண்டு நூலகர்கள். இன்னொருவர் நவமணி, நாசரேத்துக்காரர். பல் பிடுங்கக் கீழே போயிருக்கிறார். நாள் 20-ல் திரும்புவார். ஒருவர் தேடினால் மற்றவர் ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி.

இன்றைய வேலை: தோல் வறட்சிக்கு எந்தக் களிம்பு என்று ஒரு கேள்வி. பதில் அனுப்பினேன்.

நாள் 4 · 12:20

டாக்டர் மைமூனிடமிருந்து:

“அக்கா, காளான் வளர்க்குற கூடத்துல இருந்து ஏதோ பூஞ்சை காத்துல கலந்திருக்கு. இருபத்து மூணு பேர் படுத்துட்டாங்க. எல்லாருக்கும் நுரையீரல்தான். உங்க நவமணியும் இருக்காரு. ஸ்டாக்ல பூஞ்சைக்கு ஃபெலூரின் மட்டும்தான் இருக்கு. ஆனா இங்க எல்லாரும் தினம் எலும்பு மாத்திரை போடுறவங்க. ரெண்டும் சேந்தா என்ன ஆகும்? மெஷின்கிட்ட கேட்டேன். நாலு செகண்ட்ல அம்பத்தெட்டு கட்டுரையக் குடுத்து ஆபத்து இல்லைன்னு சொல்லிடுச்சு. எனக்குக் கை வரல. நீங்க ஒரு தடவ தேடிச் சொல்லுங்க.”

எலும்பு மாத்திரையை நிறுத்திப் பயனில்லை. ஈர்ப்பு குறைந்த இடத்தில் எலும்பு கரையாமல் இருக்க எல்லோரும் சாப்பிடுவது. இன்று நிறுத்தினாலும் ஆறு மாதம் உடம்பில் இருக்கும்.

நான் கேட்டேன்: “சரியாச் செய்ய மூணு நாளாவும், டாக்டர். எவ்வளவு நேரம் இருக்கு?”

“மூணு மணி நேரம். ரெண்டு பேர் ரொம்ப மோசமா இருக்காங்க.”

நாள் 4 · 15:50

மொத்தம் 34 வரிகள்.

வரி என்றால் என்ன என்று எழுதிவிடுகிறேன். ஒரே மருந்துக்கு மருத்துவர் ஒரு பெயர் சொல்வார், கடையில் ஒரு பெயர், இன்னொரு நாட்டில் இன்னொன்று. மாரடைப்பைச் சிலர் மாரடைப்பு என்று எழுதுவார்கள், சிலர் எதிர்பாராத இதய நிகழ்வு என்று எழுதுவார்கள். எவர் எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் வந்து விழும்படி எல்லாப் பெயர்களையும் கோக்க வேண்டும். ஒவ்வொரு கோர்வையும் ஒரு வரி. எந்த வரிக்கு எத்தனை கிடைத்தது என்று குறித்துவைக்க வேண்டும். நாளை வேறொருவர் அதே வரிகளை இட்டால் அதே விடை வர வேண்டும்.

கிடைத்தவை 612. தலைப்பு எல்லாம் பார்த்தேன். சுருக்கம் 37. முழுதாகப் படித்தது 9. ஃபெலூரினும் எலும்பு மாத்திரையும் சேர்ந்து ஒருவரைக் கொன்றதாக எங்கும் இல்லை.

நவமணியிடம் வரிகளைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். டாக்டர் சொன்னது: “நூத்தி மூணு காய்ச்சல் அடிக்குது. ஆளே தெரியல அவருக்கு.”

16:10-க்குத் தொடர்பு போய்விடும். ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் ‘யாருமில்லை’ என்று எழுதி 15:48-க்கு அனுப்பினேன்.

நாள் 5 · 13:40

நேற்று மாலை மிக மோசமாக இருந்த ஆறு பேருக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஆறு பேருக்கும் காய்ச்சல் இறங்கிவிட்டது. அதில் நவமணியும் ஒருவர்.

அவரே பேசினார். “யக்கா, கஞ்சி குடிச்சேன். உப்பே இல்ல. ஆனா குடிச்சிட்டேன்.”

மற்றப் பதினேழு பேருக்கும் இன்று மாலை ஆரம்பிப்பதாக டாக்டர் சொன்னார். குரலில் தூக்கம் இருந்தது.

அடுக்கு 9-ன் பம்ப் காலையிலிருந்து உரசிக்கொண்டிருந்தது. 13:20-க்கு நின்றது. வெளியே கடுங்குளிர்தான், ஆனால் காற்றில்லாத இடத்தில் சூடு தானாகப் போகாது. பம்ப்தான் அதை வெளியே கொண்டுபோய்த் தள்ள வேண்டும். மாற்றுப் பம்ப் இல்லை. அடுக்கு 9-ஐ அணைத்துவிட்டேன். அதில் மூடிப்போன மருந்து நிறுவனங்களின் பழைய கோப்புகள்தான் இருக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறைகூட யாரும் கேட்பதில்லை.

நாள் 6 · 08:50

மூன்று பேர் இறந்துவிட்டார்கள்.

கோமதிநாயகம், தண்ணீர் ஆலை. லூர்து, வெல்டர். மூன்றாவது நெசவுக்கூடத்துப் பெண். பெயர் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி நான் கேட்கவும் இல்லை.

டாக்டர்: “மூணு பேரும் முதல்ல மருந்து போட்டவங்க. காய்ச்சல் இல்லக்கா. மூச்சு நல்லா வந்துச்சு. லூர்து எந்திரிச்சு உக்காந்து பேசிட்டிருந்தாரு. பேச்சு பாதியில நின்னுச்சு. திரும்பிப் பாக்குறேன், போயிட்டாரு. மூணுமே இதயம்.”

பிறகு கேட்டார்:

“உங்க தேடல்ல ஏதாச்சும் விட்டுப்போச்சாக்கா?”

“பாக்கேன்” என்றேன்.

“மருந்த நிறுத்துனா நுரையீரல் அடைச்சிரும். நிறுத்தலேன்னா இது. அடுத்த டோஸ் சாயங்காலம் ஆறு மணிக்கு. அதுக்குள்ள ஒண்ணும் தெரியலேன்னா, யாருக்கு ரொம்ப மோசமோ அவங்களுக்காவது நான் குடுத்துதான் ஆகணும்.”

நாள் 6 · 11:15

34 வரிகளையும் மூன்று தடவை பார்த்துவிட்டேன். தவறு தெரியவில்லை. சொந்த எழுத்தில் தவறு தெரியாது. அதனால்தான் அந்த விதியே இருக்கிறது.

நவமணி தெளிவாக இருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். படுக்கைக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்தார்கள்.

“யக்கா, வாசிங்க. கண்ணு மங்கலாத்தான் இருக்கு, காது நல்லாக் கேக்கு.”

வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் “ம்” என்றார். சில இடத்தில் திரும்ப வாசிக்கச் சொன்னார். பதினேழாம் வரியில் “ம்” வரவில்லை.

“எலும்பு மாத்திரைக்கு எத்தன பேரு போட்டிருக்கிய?”

“மூணு. மருந்துப் பேரு ஒண்ணு, கடைப் பேரு ரெண்டு.”

“அந்தப் பேரெல்லாம் வைக்கதுக்கு முன்னால அத என்னன்னு கூப்பிட்டாவ?”

பதினேழாம் வரியைத் திரும்பப் பார்த்தேன்.

“ஆய்வுக்கூடத்துல எண்ணுதான வச்சிருப்பாவ. அந்த எண்ணு எங்க, யக்கா?”

இல்லை. பதினேழாம் வரியில் அது இல்லை. புது மருந்துக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் ஆய்வுக்கூடம் ஓர் எண் கொடுக்கும். அந்தக் காலத்து ஆய்வுகள் அந்த எண்ணின் பெயரில்தான் பதிவாகியிருக்கும். பத்தொன்பது வருடமாக எல்லாத் தேடலிலும் நான் அதைச் சேர்த்திருக்கிறேன். இதில் சேர்க்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. அவசரம் என்று எழுதலாம். எழுத மாட்டேன்.

“விட்டுட்டேன், நவமணி.”

“சரி விடுங்க. இப்பப் போட்டுருங்க.” இருமினார். “நான் இங்கதான் கெடப்பேன், வேறெங்க போவப்போறேன்.”

நாள் 6 · 13:05

12:40-க்குத் தொடர்பு போனது. அடுத்தது 19:35.

எண் கிடைத்தது. கே.ஆர். 2209. பதினேழாம் வரியில் சேர்த்து மறுபடி ஓட்டினேன்.

கட்டுரைகள் நான்கு. எல்லாம் எலி.

ஆய்வுப் பதிவேட்டில் இரண்டு. ஓர் ஆய்வைத் தொடங்குவதற்கு முன்பே பதிவுசெய்துவிட வேண்டும் என்பதற்காக வைத்திருந்த பேரேடு அது. முடிவு பிடிக்காவிட்டால் கட்டுரையை வெளியிடாமல் இருக்கலாம், பதிவு மட்டும் நின்றுவிடும்.

ஒன்று: கே.ஆர். 2209-உம் பூஞ்சை மருந்தும், முதியோர் நாற்பது பேர். பாதியில் நிறுத்தப்பட்டது. வெளியிடப்படவில்லை.

இரண்டு: கே.ஆர். 2209, கர்ப்பிணிகள். பாதியில் நிறுத்தப்பட்டது. வெளியிடப்படவில்லை.

இரண்டின் அறிக்கைகளும் அடுக்கு 9-ல் இருக்கின்றன.

முதலாவது இப்போது வேண்டும்.

நாள் 6 · 14:40

பம்ப் இல்லாமல் அடுக்கு 9-ஐ ஓட்டிப் பார்த்தேன். ஆறு நிமிடத்தில் 80 டிகிரி. அணைத்தேன். ஆறு நிமிடத்தில் பட்டியல்கூடத் திறக்காது.

என் அறைக்குச் சூட்டைக் கொண்டுவரும் பம்ப்பைக் கழற்றி அங்கே மாட்டியிருக்கிறேன். அளவு சேரவில்லை. ரப்பர் வைத்துக் கட்டியிருக்கிறேன். ஒழுகுகிறது.

அறை இப்போது 4 டிகிரி.

நாள் 6 · 15:50

அறை –13. விண்வெளி உடையைப் போட்டிருக்கிறேன். கையுறையோடு விசை அழுத்த முடியவில்லை. இடது கையுறையைக் கழற்றினேன். பட்டியல் திறந்துவிட்டது. கோப்புகள் வரிசையில் இல்லை. நிறுவனம் மூடும்போது வாரிப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

நாள் 6 · 16:25

கிடைத்தது. 61 பக்கம். தேவையானது பக்கம் 44. நகல் எடுக்கும் கருவி குளிரில் வேலை செய்யவில்லை. கையால் அடிக்கிறேன்:

நாற்பது பேரில் ஏழு பேர் இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் இறந்தனர். இதயம் நின்றது. இரத்தத்தில் மக்னீசியம் மிகக் குறைவு. மீதி முப்பத்து மூன்று பேருக்கு நரம்பு வழியாக மக்னீசியம் ஏற்றப்பட்டது. பூஞ்சை மருந்து நிறுத்தப்படவில்லை. அதன்பிறகு மரணம் இல்லை.

மக்னீசியம் உப்பு குடியிருப்பில் இருக்கிறது. பயிர்களுக்கே மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறார்கள். மருத்துவமனை அலமாரியிலும் இருக்கும்.

16:31. ரப்பர் பிய்ந்துவிட்டது.

16:33. அடுக்கு 9-லிருந்து புகை. இணைப்பைப் பிடுங்கினேன். இரண்டாவது அறிக்கையைத் திறக்கவில்லை. நேரமில்லை.

நாள் 6 · 17:10

பதில் கையில் இருக்கிறது. குடியிருப்பு கிரகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

எல்லா அலைவரிசையிலும் அனுப்பிப் பார்த்தேன். பாறைக்குள் போகாது என்று தெரியும். அனுப்பினேன்.

நாள் 6 · 18:00

ஆறு மணி.

நாள் 6 · 18:20

பம்ப்பைத் திரும்ப என் அறையில் மாட்டினேன். ஓடுகிறது. –19. ஏறுகிறது. இடது கையில் இரண்டு விரல் மெழுகு போல இருக்கின்றன. கிள்ளினால் தெரியவில்லை.

நாள் 6 · 19:00

செய்தியை எழுதி வைத்துவிட்டேன். ஏழு வாக்கியம். ஐந்தாகக் குறைத்தேன். பிறகு மூன்று. கேட்டதும் அவர் ஓட வேண்டும், நின்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

நாள் 6 · 19:36

அனுப்பினேன். “மக்னீசியம் ஏத்துங்க. எல்லாருக்கும், இப்பவே. ஃபெலூரினை நிறுத்தவேண்டாம்.”

டாக்டர் ஓடும் சத்தம். ரேடியோ திறந்தே இருந்தது. கண்ணாடி உடைவது, யாரோ யாரையோ கூப்பிடுவது, சக்கரக் கட்டில். நாற்பது நிமிடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாள் 6 · 20:25

டாக்டர்: “ஆறு மணிக்குப் பதினோரு பேருக்கு அடுத்த டோஸ் குடுத்தேன். ரெண்டு பேர் போயிட்டாங்க. மிச்சம் பதினெட்டு பேருக்கும் ஏத்தியாச்சு. துடிப்பு சீரா இருக்கு.”

யார் அந்த இரண்டு பேர் என்று கேட்டேன்.

“காளான் கூடத்துல வேலை பாத்த முத்துவீரன். அப்புறம்… அக்கா, நவமணி ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால.”

சரி என்றேன்.

“என்கிட்ட வேண்டாம்னு சொன்னாருக்கா. யக்கா தேடிக்கிட்டு இருக்காவ, செத்த பொறுங்கன்னாரு. மூச்சு நிமிஷத்துக்கு முப்பத்தெட்டுக்குப் போயிடுச்சு. நான் பொறுக்கல.”

சரி என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஒலிப்பதிவு இருக்கிறது. நான் கேட்கவில்லை.

நாள் 7 · 10:30

அறை 16 டிகிரி. காற்று சரி. தண்ணீர் சரி. அடுக்கு 9: இல்லை.

காலை உப்புமா சூடுபண்ணினேன். சாப்பிட்டேனா என்று தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நாள் 10 · 14:15

பதினெட்டுப் பேரும் எழுந்து நடக்கிறார்கள். கடைசி இரண்டு பேருக்கு இன்று ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் கேட்டார்: “பூமி வந்ததும் ரிப்போர்ட் கேப்பாங்க. முதல் தேடலப் பத்தி என்ன எழுதப்போறீங்க?”

“நடந்தத எழுதுவேன். 34 வரி. பதினேழாவதுல எண் இல்ல. தேடினது நான்.”

“குடுத்தது நான்.”

“அத நீங்க எழுதுங்க.”

இரண்டு பேரும் வெகுநேரம் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

குடியிருப்பின் நிர்வாகி நேற்று ஒரு செய்தி அனுப்பியிருந்தார். முதல் தேடலை நீக்கிவிட்டுத் திருத்தியதை மட்டும் வைத்தால் போதாதா, குடும்பங்கள் வீணாக மனம் புண்படுமே என்று. நல்ல மனிதர். முடியாது என்று பதில் போட்டேன். காரணம் எழுதவில்லை.

இடது கை விரல் இரண்டும் முதல் கணு வரை கறுத்துவிட்டன. வலி இல்லை. டாக்டர் படம் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். விழுந்துவிடும் என்றார்.

நாள் 11 · 11:20

பதிவேட்டை மறுபடி பார்த்தேன். இரண்டாவது பதிவு. கே.ஆர். 2209, கர்ப்பிணிகள், பாதியில் நிறுத்தப்பட்டது.

ஏன் நிறுத்தினார்கள் என்று இல்லை. அதற்கான கட்டம் காலி. பணம் தீர்ந்திருக்கலாம். ஆள் சேராமல் போயிருக்கலாம். முதல் ஆய்வைப் போலவும் இருக்கலாம்.

குடியிருப்பில் இப்போது கர்ப்பிணிகள் நான்கு பேர். நான்கு பேரும் வந்த நாளிலிருந்து எலும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள்.

டாக்டரிடம் சொன்னேன். “இத்தன வருஷமா எல்லாரும் சாப்பிடுறதுதானேக்கா?”

“இங்க இதுவரைக்கும் யாரும் பிள்ள பெக்கல, டாக்டர். இவங்கதான் முதல்.”

மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆறு மாதம் உடம்பில் இருக்கும்.

நாள் 17 · 11:50

பூமி வந்துவிட்டது. சூரியனின் இரைச்சலுக்கு நடுவே முதல் சமிக்ஞை 11:02-க்கு. கேள்வியை உடனே அனுப்பினேன். எண், பெயர்கள், பதிவேட்டு விவரம், முழு அறிக்கை வேண்டும் என்று. போக இருபத்தொரு நிமிடம், வர இருபத்தொரு நிமிடம். அங்கே பணியிலிருந்த நூலகர் ஜோதிலிங்கம் உடனே தேடியிருக்கிறார்:

“வணக்கம் மேடம். அங்க எல்லாரும் சௌக்கியம்தானே? நீங்க கேட்ட ஆய்வுக்கு எங்ககிட்ட பதிவு மட்டும்தான் இருக்கு. அந்தக் கம்பெனி மூடி இருபத்தாறு வருஷம் ஆகுது. வேலை பாத்தவங்கள்ல உயிரோட இருக்குறவங்க யாராவது கிடைக்கிறாங்களான்னு விசாரிக்கிறேன், நேரம் ஆகும். கோப்பு எல்லாம் ஒரே பிரதிதான், அதையும் உங்க காப்பகத்துக்கே அனுப்பிட்டாங்க. அடுக்கு 9-ல இருக்கும், பாருங்க.”

பார்த்தேன். போய் நின்று பார்த்தேன். கறுப்பாக இருக்கிறது.

நாள் 18 · 15:50

நான்கு பேரிடமும் நானே சொல்ல வேண்டும் என்று டாக்டர் கேட்டார். தேடியவர் வாயால் கேட்டால்தான் நம்புவார்கள் என்று சொன்னார்.

ரேடியோ அறைக்கு அழைத்து வந்தார்கள். சொன்னேன். ஓர் ஆய்வு நடந்தது, நின்றுவிட்டது, காரணம் எழுதிய கோப்பு இங்கே எரிந்துவிட்டது, அதை எரித்தது நான். ஒருத்தி அழுதாள் என்று நினைக்கிறேன்.

நான்காவது பெண் பெயர் பிச்சம்மாள். குரல் சின்னதாக இருந்தது. ஏழாம் மாதம்.

“அந்தக் கோப்பு எரியும்போது இன்னொருத்தங்க உசிரக் காப்பாத்தத்தான தேடுனீங்க?”

“ஆமா.”

“அப்பச் சரி.” கொஞ்சம் நிறுத்தினாள். “எம் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு வேற எங்கயாவது எழுதியிருக்கும்லக்கா?”

“தெரியலம்மா. தேடுதேன்.”

“எத்தன நாளாவும்?”

நான் பதில் சொல்வதற்குள் 09:31 ஆகிவிட்டது. தொடர்பு போனது.

இன்று கோத்த வரிகள் 112. மருந்தின் எல்லாப் பெயரும், எண்ணும், எண்ணுக்கு முந்திய எண்ணும். பதினோரு மொழி. குழந்தை, சிசு, கரு, பிறவிக் குறை, குறைமாதம், இறந்து பிறத்தல்.

கிடைத்தவை: 0.

மறுபடி ஓட்டினேன். 0.

எட்டு விரலால் அடிக்கிறேன். அடுத்த தொடர்பு 16:25-க்கு. பிச்சம்மாள் அதுவரை ரேடியோ அறையிலேயே உட்கார்ந்திருக்கப்போவதாக, தொடர்பு அறும் நேரத்தில் டாக்டர் சொன்னது கேட்டது. வரி 113: